நியூரான்கள் எப்படிப் பிடித்துக்கொள்கின்றன? செல் ஒட்டுதலும் செல் சட்டகமும்: ஓர் எளிய விளக்கம்

மூளையைப் பற்றிப் பேச்சு எடுத்தாலே "ஒயரிங்" என்ற சொல் வந்துவிடுகிறது. கேட்பவர் மனதில் செம்புக் கம்பிகளும் ஈயம் வைத்துப் பற்றவைத்த முனைகளும் எழுகின்றன. கொஞ்சம் கூடுதலாகப் படித்தவர்கள், "நியூரான்களை ஒட்டுப் புரதங்கள் பசைபோல ஒட்டவைக்கின்றன, செல்லுக்குள் இருக்கும் எலும்புக்கூடு வடிவம் கொடுக்கிறது" என்பார்கள். இதில் பாதி சரி. மீதிப் பாதியால்தான் குழப்பம். பசை ஒருமுறை காய்ந்தால் அதோடு அதன் வேலை முடிந்தது. எலும்புக்கூடு ஆண்டுக்கணக்கில் அதே வடிவில் இருக்கும். நியூரானின் ஒட்டுதலும் சட்டகமும் நிமிடத்துக்கு நிமிடம் கழன்று, கட்டப்பட்டு, மறுபடி கழன்றுகொண்டே இருப்பவை.

இந்த இரண்டையும் இரண்டு தனிப் பாடங்களாகப் படிப்பதுதான் பெரிய தடை. வெளியே பற்றும் கையும் உள்ளே இழுக்கும் கயிறும் ஒரே கருவியின் இரு முனைகள். சேர்த்துப் பார்த்தால் விஷயம் எளிது.

## களம்: செல்களும் இடைவெளியும்

நியூரான் என்பது நரம்பு செல். மனித மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நியூரான்கள் உள்ளன. செய்தியை வெளியே கொண்டுசெல்லும் நீண்ட இழை ஆக்ஸான். செய்தியை வாங்கிக்கொள்ளும் கிளைகள் டெண்ட்ரைட்டுகள். ஒன்றின் ஆக்ஸான் இன்னொன்றின் டெண்ட்ரைட்டிடம் செய்தியை ஒப்படைக்கும் இடம் சினாப்ஸ்.

சினாப்ஸில் இரண்டு செல்களின் சவ்வுகளும் ஒன்றையொன்று தொடுவதில்லை. நடுவே சுமார் 20 நானோமீட்டர் இடைவெளி இருக்கிறது. தலைமுடி ஒன்றின் தடிமனை நாலாயிரமாகப் பகுத்தால் ஒரு பங்கு ஏறக்குறைய அவ்வளவு இருக்கும். நியூரான்கள் தனித்தனி செல்கள் என்று வாதாடியவர் ஸ்பெயினின் சாந்தியாகோ ராமோன் இ கஹால். எல்லாம் சேர்ந்து ஒரே வலை என்றவர் இத்தாலியின் கமில்லோ கோல்ஜி. 1906-ல் இருவருக்கும் சேர்த்தே நோபல் பரிசு கொடுத்தார்கள்! 1950-களில் எலக்ட்ரான் நுண்ணோக்கி இடைவெளியைக் கண்முன் காட்டியபோது கஹால் சொன்னது உறுதியானது.

அதே நுண்ணோக்கி இன்னொன்றையும் காட்டியது. அந்த இடைவெளி வெறுமையாக இல்லை. புரதங்கள் அடர்ந்து கிடக்கின்றன. இரு சவ்வுகளையும் நேருக்கு நேராக, மாறாத தூரத்தில் நிறுத்திவைப்பவை அவை. ஒரு செல்லின் மேற்பரப்புப் புரதம் பக்கத்துச் செல்லையோ, செல்களுக்கு வெளியே பரவியிருக்கும் தளத்தையோ பற்றிக்கொள்வதைத்தான் செல் ஒட்டுதல் என்கிறோம்.

## வழுக்கும் தரையில் நடப்பதுபோல

எண்ணெய் சிந்திய தரையில் நடப்பதை நினைத்துப் பாருங்கள். கால் தசையில் வலுவுக்குக் குறைவில்லை. ஆனாலும் கால் பின்னோக்கிச் சறுக்குகிறது, உடம்பு நின்ற இடத்திலேயே நிற்கிறது. சொரசொரப்பான தரைக்கு வந்ததும் அதே தசை, அதே உந்துதல், உடம்பு முன்னே போகிறது. இனி உள்ளங்காலில் பலமான பசை தடவிக்கொண்டால்? நிற்கலாம், நடக்க முடியாது. நடப்பதற்குப் பிடி கிடைக்க வேண்டும். கிடைத்த பிடி உரிய நேரத்தில் விடவும் வேண்டும்.

வளரும் ஆக்ஸானும் இப்படித்தான் நகர்கிறது. அதன் நுனி, விரல்களை அகல விரித்த உள்ளங்கைபோல இருக்கும். அதற்கு வளர்கூம்பு என்று பெயர். 1890-ல் கோழிக் கருவின் தண்டுவடத்தில் கஹால் இதை விவரித்தார். அவர் பார்த்தது பதப்படுத்திய, உயிரற்ற திசு. அசையாத அந்த உருவத்தைப் பார்த்தே இது வழி தேடி நகரும் உறுப்பு என்று சொல்லிவிட்டார். 1907-ல் ராஸ் ஹாரிசன் தவளைக் கருவின் திசுவை உடலுக்கு வெளியே உயிரோடு வளர்த்து, நரம்பிழை நீள்வதை நேரில் கண்டார்.

வளர்கூம்பின் ஒவ்வொரு விரலுக்குள்ளும் ஆக்டின் இழைகள் கட்டாகச் செல்கின்றன. ஆக்டின் என்பது சிறு மணிகளாகக் கிடக்கும் புரதம். மணிகள் கோத்துக்கொண்டால் சுமார் 7 நானோமீட்டர் தடிமனில் இழையாகும். விரல் நுனியில் புது மணிகள் சேர்ந்துகொண்டே இருக்கின்றன, அடியில் பழைய மணிகள் உதிர்ந்துகொண்டே இருக்கின்றன. மயோசின் என்ற இழுக்கும் புரதம் மொத்தக் கட்டையும் பின்னால் இழுக்கிறது. ஆக, விரல் அதே நீளத்தில் இருப்பதாகத் தோன்றினாலும் உள்ளே உள்ள இழை நிமிடத்துக்குச் சில மைக்ரோமீட்டர் வேகத்தில் நுனியிலிருந்து பின்னோக்கி ஓடிக்கொண்டே இருக்கிறது. எண்ணெய்த் தரையில் சறுக்கும் கால் இதுதான்.

எஞ்சின் ஓடுகிறது, வண்டி நியூட்ரலில் நிற்கிறது. கியர் விழ வேண்டுமானால் ஓடும் இழையை வெளித் தரையோடு கோக்க வேண்டும். அதைச் செய்வது ஒட்டுப் புரதம். அதன் தலை சவ்வுக்கு வெளியே தரையைப் பற்றுகிறது. வால் சவ்வுக்கு உள்ளே, இடையில் சில இணைப்புப் புரதங்கள் வழியாக, ஆக்டினைப் பிடிக்கிறது. இரண்டும் பிடித்ததும் பின்னோக்கிய ஓட்டம் குறைகிறது, நுனியில் சேரும் மணிகள் இப்போது சவ்வை முன்னே தள்ளுகின்றன. 1988-ல் டிம் மிட்சிசனும் மார்க் கிர்ஷ்னரும் இந்தக் கருத்தை முன்வைத்தபோது "கிளட்ச்" என்ற சொல்லையே பயன்படுத்தினார்கள். அன்றிலிருந்து துறைக்குள் அதே பெயர்தான்.

இதுவரை பார்த்தது: ஆக்டின் ஓட்டம்தான் எஞ்சின், ஒட்டுப் புரதம்தான் கிளட்ச். எஞ்சின் மட்டும் ஓடினால் வளர்கூம்பின் விரல் முன்னேறாது, கிளட்ச் மட்டும் பிடித்தாலும் முன்னேறாது.

## வெளியே இருக்கும் கைகள்

ஒட்டுப் புரதங்களில் பல குடும்பங்கள் உண்டு. தொடக்கத்துக்கு மூன்றைத் தெரிந்துகொண்டால் போதும்.

இன்டெக்ரின்கள் தரையைப் பற்றுபவை. செல்களுக்கு இடையே விரிப்பாகப் படிந்திருக்கும் லாமினின் போன்ற புரதங்களை இவை பிடிக்கின்றன.

காட்ஹெரின்கள் செல்லோடு செல்லைக் கோப்பவை. பெரும்பாலும் தன் இனத்தையே தேடிப் பிடிக்கும். 1980-களில் ஜப்பானின் மசாதோஷி தகெய்ச்சி இவற்றை அடையாளம் கண்டு பெயரிட்டார். பெயரிலேயே கால்சியம் இருக்கிறது, ஏனென்றால் கால்சியம் இல்லாமல் இவற்றால் நிமிர்ந்து நிற்கவே முடியாது. புரதத்தின் வெளிப்பகுதி ஐந்து கணுக்களாக இருக்கும். கணுக்களுக்கு நடுவே கால்சியம் அமர்ந்தால்தான் விறைக்கும். கால்சியத்தைப் பறித்துக்கொள்ளும் வேதிப்பொருளைச் சேர்த்தால் கணுக்கள் தொய்ந்து, பிடி விட்டுப்போகும். ஒரு காட்ஹெரின் ஜோடியின் பிடி மிகவும் பலவீனமானது. நூற்றுக்கணக்கில் ஓரிடத்தில் குவியும்போதுதான் பலம். அப்படிக் குவித்து வைத்திருப்பது உள்ளே இருக்கும் ஆக்டின்.

மூன்றாவது, என்கேம், எல்1 ஆகியவை அடங்கிய குடும்பம். ஆக்ஸான்கள் ஒன்றோடொன்று கற்றையாகச் சேர்ந்து பயணிக்க இவை உதவுகின்றன. என்கேம் மீது சில சமயம் நீளமான சர்க்கரைச் சங்கிலிகள் ஏறிக்கொள்ளும். எதிர்மின்னேற்றம் கொண்ட அந்தச் சங்கிலிகள் நீரை இழுத்துப் பருத்து, சவ்வுகளை விலக்கிப் பிடிக்கும். புரதம் அதே இடத்தில் இருக்க, ஒட்டும் திறன் மட்டும் குறைகிறது. எங்கே நெகிழ்வு தேவையோ அங்கே செல் இதைச் செய்கிறது.

## உள்ளே: கயிறும் கம்பமும்

ஒரு கூடாரத்தில் கயிறு இழுக்கிறது, கம்பம் தாங்குகிறது. செல் சட்டகம் என்பது செல்லுக்குள் இருக்கும் புரத இழைகளின் மொத்த ஏற்பாடு. அதில் ஆக்டின் கயிறு என்றால், நுண்குழல் கம்பம். நுண்குழல் 25 நானோமீட்டர் விட்டமுள்ள உள்ளீடற்ற குழாய். டியூபுலின் என்ற புரதத்தால் ஆனது. ஆக்ஸானின் தண்டு முழுவதும் இந்தக் குழாய்கள் கற்றையாக ஓடுகின்றன.

கம்பம் என்ற உவமை இங்கே கொஞ்சம் போதாது, ஏனென்றால் நுண்குழல் தண்டவாளமாகவும் வேலை செய்கிறது. கைனெசின் என்ற மோட்டார் புரதம் அதன்மேல் சரக்கை நுனிக்குக் கொண்டுபோகிறது. டைனீன் திருப்பிக் கொண்டுவருகிறது. வேகமான சரக்கு நாளொன்றுக்கு 400 மில்லிமீட்டர்வரை போகும். தண்டுவடத்திலிருந்து பாதம்வரை ஒரு மீட்டர் நீளமுள்ள ஆக்ஸான் என்றால், அந்த வேகத்திலும் இரண்டரை நாள் பயணம்.

## ஒரு விரல் தொடும்போது

ஒரே ஒரு விரலைக் கிட்டே போய்ப் பார்ப்போம். வளர்கூம்பின் பத்துப் பன்னிரண்டு விரல்கள் நீண்டும் சுருங்கியும் துழாவிக்கொண்டிருக்கின்றன. அதில் ஒன்று தனக்குப் பொருத்தமான தரையைத் தொடுகிறது. நுனியில் உள்ள ஒட்டுப் புரதங்கள் சில பற்றிக்கொள்கின்றன. அவற்றின் வால்களில் இணைப்புப் புரதங்கள் வந்து சேர்கின்றன. அந்த விரலில் மட்டும் ஆக்டினின் பின்னோட்டம் தளர்கிறது.

மயோசின் இழுப்பதை நிறுத்தவில்லை. பிடி இருப்பதால் கயிறு இப்போது விறைக்கிறது. காட்ஹெரின் பிடியாக இருந்தால், ஆல்ஃபா கட்டெனின் என்ற கண்ணி இந்த இழுவிசையால் விரிந்து, மறைந்திருந்த பிடிப்பிடங்களை வெளிக்காட்டுகிறது. இன்னும் பல புரதங்கள் வந்து கோத்துக்கொள்கின்றன. இழுக்க இழுக்க இறுகும் முடிச்சு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து நடப்பதுதான் திசையைத் தீர்மானிக்கிறது. இதுவரை பின்னோக்கி ஓடிய ஆக்டின், நுண்குழல்களை நடுப்பகுதிக்கே தள்ளி வைத்திருந்தது. ஓட்டம் தளர்ந்த விரலில் அந்தத் தடை விலகுகிறது. நுண்குழல் உள்ளே நுழைகிறது. அதன்மேல் சவ்வுச் சரக்கு வருகிறது. மற்ற விரல்கள் சுருங்க, இந்த விரல் தடித்து ஆக்ஸானின் புதிய தண்டாகிறது. வளர்கூம்பு திரும்பிவிட்டது.

விரல்களே இல்லாவிட்டால்? 1986-ல் வெட்டுக்கிளிக் கருக்களில் இதைச் சோதித்தார்கள். ஆக்டின் கோப்பதைத் தடுக்கும் சைட்டோகலாசின் மருந்தில் வைத்தபோது வளர்கூம்புகள் விரல்களை இழந்தன. ஆக்ஸான் வளர்வது நிற்கவில்லை, ஆனால் வழி தவறி எங்கெங்கோ போயிற்று. நீள்வதற்கு நுண்குழல் போதும், திசை அறிய ஆக்டின் விரல் வேண்டும் என்பது இதைவிடத் தெளிவாகத் தெரிய வழியில்லை.

வேண்டாத இடத்தைத் தொட்டாலும் இதே கருவிதான், எதிர்த்திசையில் இயங்கும். செமாஃபோரின் போன்ற விலக்கும் புரதம் பட்டால் பிடிகள் கழல்கின்றன, ஆக்டின் கலைகிறது, விரித்த கை மூடிக்கொள்கிறது.

## பசைக்கும் பிடிக்கும் உள்ள வித்தியாசம், கண்ணாடித் தட்டில்

நியூரான்களை ஆய்வகத்தில் வளர்ப்பவர்களுக்கு இது அன்றாட விஷயம். வெறும் கண்ணாடியில் நியூரான்களை விட்டால் நிற்காது. கண்ணாடியும் செல் சவ்வும் எதிர்மின்னேற்றம் கொண்டவை. ஓரிரு நாளில் செல்கள் ஒன்றோடொன்று திரண்டு உருண்டைகளாகிவிடும். அதனால் நேர்மின்னேற்றம் கொண்ட பாலிலைசினை, வழக்கமாக மில்லிலிட்டருக்கு 50 முதல் 100 மைக்ரோகிராம் கரைசலாக, கண்ணாடியில் பூசுவார்கள். ஒட்டாமல் மிஞ்சியதை நன்றாகக் கழுவ வேண்டும். தங்கிவிட்டால் செல்களுக்கு நஞ்சு.

பாலிலைசினில் செல்கள் மின்னேற்றக் கவர்ச்சியால் நன்றாக ஒட்டிக்கொள்ளும். ஆனால் வளர்கூம்புகள் அகலமாகப் பரந்து மெதுவாகவே நகரும். அதன்மேல் கொஞ்சம் லாமினின் பூசினால் காட்சி மாறுகிறது: கூம்புகள் சிறுத்து, ஆக்ஸான்கள் விறுவிறுவென்று நீள்கின்றன. எந்தத் தளத்தில் செல் எவ்வளவு பலமாக ஒட்டுகிறது என்று அளந்து பார்த்தவர்கள், ஒட்டும் பலத்துக்கும் வளரும் வேகத்துக்கும் பொருத்தம் இல்லை என்று கண்டார்கள். பாலிலைசின் வெறும் பசை. அதற்கு உள்ளே கைபோட்டு ஆக்டினைப் பிடிக்கும் வால் கிடையாது. லாமினினைப் பற்றும் இன்டெக்ரினுக்கு அந்த வால் உண்டு. செல் ஒட்டுதலைப் பசை என்று எழுதுவதை விட்டுவிட வேண்டும் என்பதற்கு எனக்கு இந்த ஒரு சோதனையே போதும்.

## ஒட்டுவது, விலகுவதற்காகவும்

பழ ஈயில் டிஎஸ்கேம்1 என்ற மரபணு உண்டு. அதன் துண்டுகளை வெவ்வேறு விதமாகக் கோத்து 38,016 வகைப் புரதங்கள் செய்ய முடியும் என்று 2000-ல் கண்டறிந்தார்கள். ஒவ்வொரு வகையும் தன்னைப் போன்ற வகையோடு மட்டுமே நன்றாகப் பற்றிக்கொள்ளும். ஒவ்வொரு நியூரானும் இவற்றில் சிலவற்றை மட்டும் அணிந்துகொள்வதால், அது ஏறக்குறைய கைரேகைபோல ஆகிறது.

ஒரே நியூரானின் இரண்டு கிளைகள் உரசும்போது இரண்டிலும் ஒரே புரதங்கள், ஆகவே பற்றுகின்றன. பற்றியதும் "இது நானே" என்ற செய்தி உள்ளே போகிறது. செல் சட்டகம் கிளையைப் பின்னால் இழுத்துக்கொள்கிறது. அதனால்தான் ஒரு நியூரானின் கிளைகள் தம்மீதே சிக்கிக்கொள்ளாமல் அகலப் பரவுகின்றன. முதுகெலும்பிகளில் இதே வேலையை ஐம்பதுக்கும் மேற்பட்ட புரோட்டோகாட்ஹெரின்கள் செய்கின்றன. ஒட்டுப் புரதம் என்ற பெயரை வைத்துக்கொண்டு அதன் வேலையை முடிவுசெய்யக் கூடாது. உள்ளே அது எந்தச் செய்தியைக் கடத்துகிறது என்பதே முக்கியம்.

## தொடுகை சினாப்ஸாக மாறுவது

ஆக்ஸான் உரிய இடத்தை அடைந்துவிட்டது. இனி அது ஓடும் உறுப்பாக இருப்பதை விட்டு, நின்று வேலை செய்யும் இடமாக வேண்டும். இங்கே இரண்டு பெயர்கள் முக்கியம்: ஆக்ஸான் பக்கம் நியூரெக்சின், டெண்ட்ரைட் பக்கம் நியூரோலிஜின். இரண்டும் இடைவெளியின் குறுக்கே கைகோக்கின்றன. கருப்பு விதவைச் சிலந்தியின் நஞ்சு நரம்பு முனையில் எங்கே போய்ப் பற்றுகிறது என்று தேடியபோது, 1992-ல் அகப்பட்டது நியூரெக்சின்.

2000-ல் ஒரு சோதனை செய்தார்கள். நரம்போடு சம்பந்தமே இல்லாத செல்லுக்குள் நியூரோலிஜின் மரபணுவைப் புகுத்தி, அதை நியூரான்களின் பக்கத்தில் வைத்தார்கள். அதைத் தொட்ட ஆக்ஸான்கள், எதிரே இருப்பது நியூரானே இல்லை என்றாலும், தொட்ட இடத்தில் செய்திப் பொட்டலங்களைக் குவித்து சினாப்ஸின் தங்கள் பாதியைக் கட்டிவிட்டன.

இதைக் கேள்விப்பட்டவர்கள் "அப்படியானால் நியூரோலிஜின்தான் சினாப்ஸை உண்டாக்குகிறது" என்று முடித்துவிடுகிறார்கள். அது சரியல்ல. 2006-ல் மூன்று நியூரோலிஜின் மரபணுக்களையும் நீக்கிய எலிகளைப் பார்த்தபோது, குட்டிகள் பிறந்த சிறிது நேரத்தில் மூச்சு விட முடியாமல் இறந்தன. ஆனால் சினாப்ஸ்களின் எண்ணிக்கை ஏறக்குறைய அப்படியே இருந்தது. சினாப்ஸ்கள் இருந்தன, சரியாக வேலை செய்யவில்லை. ஒட்டுவதற்கு வேறு புரதங்களும் இருக்கின்றன. நியூரோலிஜினின் பெரிய பங்கு, எதிரெதிர் இரு பக்கங்களையும் செய்தி போகும்படி ஒழுங்கு செய்வது.

சுருக்கமாக இதுவரை: பிடி கிடைத்தால் ஆக்ஸான் நகர்கிறது, உள்ளே போகும் செய்தியைப் பொறுத்து நிற்கிறது அல்லது விலகுகிறது, நின்ற இடத்தில் வேறு புரதங்கள் கைகோத்து சினாப்ஸைச் செப்பனிடுகின்றன.

## முள்: நாள் முழுதும் புதுப்பிக்கப்படும் வடிவம்

டெண்ட்ரைட்டுகளின் மேல் ரோஜாத் தண்டின் முட்கள்போலச் சிறு புடைப்புகள் இருக்கும். பெயரும் முள்தான். நீளம் பெரும்பாலும் 2 மைக்ரோமீட்டருக்குள். மெல்லிய கழுத்து, உருண்ட தலை. மூளையின் தூண்டும் சினாப்ஸ்களில் மிகப் பெரும்பான்மை இந்தத் தலைகளில்தான் அமர்ந்திருக்கின்றன. தலைக்கு வடிவம் தருவது ஆக்டின். அதன் மணிகளில் பெரும்பகுதி ஓரிரு நிமிடத்துக்குள் மாறிவிடுகிறது. மாதக்கணக்கில் ஒரே வடிவில் இருக்கும் முள்ளிலும் உள்ளே கட்டுமானப் பொருள் அப்படி ஓடிக்கொண்டே இருக்கிறது.

2004-ல் எலி மூளைத் துண்டில் ஒரே ஒரு முள்ளின் மீது மட்டும், லேசர் ஒளியால் குளுட்டமேட் என்ற செய்தி கடத்தும் வேதிப்பொருளை விடுவித்துத் திரும்பத் திரும்பத் தூண்டினார்கள். சில நிமிடங்களில் அந்த முள்ளின் தலை பருத்தது. சிறிய முட்கள் பல அப்படியே பருத்து நின்றன. பக்கத்து முட்களில் மாற்றமே இல்லை. ஆக்டின் கோப்பதைத் தடுத்தால் பருப்பது நடக்கவில்லை. தலை பெரிதானால் குளுட்டமேட்டை உணரும் புரதங்களும் கூடுதலாக அமர்கின்றன. அதாவது அந்த இணைப்பு வலுக்கிறது. "கற்கும்போது இணைப்பு வலுப்படுகிறது" என்று பொதுவாகச் சொல்லப்படுவதற்குக் கண்ணால் பார்க்கக்கூடிய ஒரு பொருள் இது.

காட்ஹெரின் பிடியைத் தடுத்தால் இதே முட்கள் தலை சிறுத்து, விரல்போல நீண்டு மெலிகின்றன. வெளிப்பிடி உள்வடிவத்தைக் காக்கிறது, உள்வடிவம் வெளிப்பிடியைக் குவித்து வைக்கிறது.

## பழுது எங்கே வருகிறது

எல்1 மரபணு பழுதானால் சில குழந்தைகள் மூளையில் நீர் தேங்கிப் பிறக்கின்றன. இரு அரைக்கோளங்களையும் இணைக்கும் நரம்புப் பாலம் சரியாக உருவாவதில்லை. கட்டைவிரல் உள்ளங்கைக்குள் மடங்கியிருக்கும். மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் பெரும்பாலும் ஆண் குழந்தைகளே பாதிக்கப்படுகிறார்கள். நியூரோலிஜின் 3, 4 மரபணுக்களில் ஏற்படும் மாற்றங்களுக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பு இருப்பதை 2003-ல் சில குடும்பங்களில் கண்டார்கள். ஆட்டிசத்துக்கு இதுவே காரணம் என்று பொதுமைப்படுத்தக் கூடாது. மிகச் சிலரிடம் மட்டுமே காணப்படுவது. ஃப்ரஜைல் எக்ஸ் என்ற, அறிவு வளர்ச்சியைப் பாதிக்கும் மரபு நோயில் டெண்ட்ரைட் முட்கள் நீண்டு மெலிந்து, முதிராத தோற்றத்தில் இருக்கின்றன.

செல் சட்டகம் பழுதானால் என்ன ஆகும் என்பது நுண்குழலைத் தாக்கும் புற்றுநோய் மருந்துகளில் நன்றாகத் தெரியும். பாக்லிடாக்செல் நுண்குழலைக் கலையவிடாமல் உறைய வைக்கிறது. வின்கிரிஸ்டின் கோக்கவிடாமல் தடுக்கிறது. இரண்டும் புற்றுச் செல் பிளவுபடுவதைத் தடுக்கின்றன, இரண்டும் நரம்பையும் பாதிக்கின்றன. மரத்துப்போவதும் ஊசி குத்துவதுபோன்ற உணர்வும் கால்விரல்களிலும் கைவிரல் நுனிகளிலும்தான் வழக்கமாக முதலில் வருகின்றன. உடலின் மிக நீளமான ஆக்ஸான்கள் போய் முடியும் இடங்கள் அவை. தண்டவாளம் கெட்டால் கடைசி நிலையத்துக்குத்தான் முதலில் சரக்கு வராமல் போகும்.

தண்டுவடக் காயத்தில் இதன் இன்னொரு பக்கத்தைக் காணலாம். அறுந்த ஆக்ஸானின் நுனியில் விரல் விரித்த வளர்கூம்பு உருவாகாமல், வீங்கிய உருண்டை ஒன்று உருவாகி அங்கேயே தேங்கிவிடுகிறது. அதற்குள் நுண்குழல்கள் கற்றையாக இல்லாமல் கலைந்து கிடக்கின்றன. 2011-ல் எலிகளில் காயம்பட்ட இடத்தில் அதே பாக்லிடாக்செல்லை மிகக் குறைந்த அளவில் செலுத்தியபோது நுண்குழல்கள் ஓரளவு நிலைப்பட்டன, தழும்பு குறைந்தது, ஆக்ஸான்கள் சில மறுபடி வளர்ந்தன.